ஊருக்குள் தினமும் ஓட்ட, பார்க்கவும் ஸ்டைலாக இருக்கிற எலக்ட்ரிக் எஸ்யூவி எது?

மடிப்பாக்கத்திலிருந்து நுங்கம்பாக்கம் ஆபீஸ், போக வர 30 கிலோமீட்டர். சனி ஞாயிறில் அம்மா அப்பாவோடு கோயில், கல்யாணம். 20 லட்சத்துக்குள் வேண்டும். "தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கணும்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பக்கத்து வேளச்சேரி. ஒன்றரை வருடமாக டாடா பஞ்ச் இவி ஓட்டுகிறேன். சொந்த வண்டிப் பாசம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

எனக்கும் முதலில் ஆசை வந்தது மஹிந்திரா பிஇ 6 மேல்தான். 2024 நவம்பரில் சென்னையில்தான் அதை அறிமுகம் செய்தார்கள். அந்த முகம், உள்ளே விமானக் காக்பிட் மாதிரி இருக்கிற டேஷ்போர்டு, எல்லாம் பார்த்து மனசு போய்விட்டது. ஆனால் அதன் அகலம் 1907 மில்லிமீட்டர், அதுவும் சைடு மிரரைச் சேர்க்காமல். எங்கள் அபார்ட்மென்ட் கட்டி இருபது வருடம் ஆகிறது. என் பார்க்கிங்கில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே எட்டடி, அதாவது 2440 மில்லிமீட்டர். பாக்கி இருப்பது இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றேமுக்கால் அடி. அதில் ஒரு மனிதன் எப்படி இறங்குவது?

காகிதத்தில் போட்ட கணக்கை நம்பாமல், அதே ரக அகலத்தில் சாய்வுக் கூரை வைத்த வேறொரு வண்டியை டெஸ்ட் டிரைவ் எடுத்து நேராக எங்கள் பார்க்கிங்குக்கே கொண்டுவந்தேன். கூட வந்த ஷோரூம் பையன் முன்கதவைத் திறந்தான், தூணில் இடிக்க விரற்கடை தூரம்தான். வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நழுவி இறங்கினான். பின்சீட்டில் அம்மா. இறங்கும்போது தலையைக் குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, "கார் அழகாத்தான் இருக்குடா, நான் ஆட்டோலயே வந்துடறேன்" என்றார். அன்றைக்கே என் லிஸ்ட் பாதியாகிவிட்டது.

ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வண்டியின் ஸ்டைலில் எது தினமும் உங்களைத் தொந்தரவு செய்யும், எது செய்யாது என்று பிரித்துப் பாருங்கள். முகப்பு விளக்கு, நிறம், இரண்டு நிறக் கூரை, இதெல்லாம் எவ்வளவு ஸ்டைலாக இருந்தாலும் ஒரு தொல்லையும் இல்லை. பின்பக்கம் சரியும் கூரை, குட்டியான பின்கண்ணாடி, 19, 20 இன்ச் வீல் ஆகியவைதான் வினை. பெரிய வீல் என்றால் டயரின் பக்கச்சுவர் மெலிந்துபோகும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டி மூடிய சாலையில், மழைத்தண்ணீருக்கு அடியில் பள்ளம் தெரியாமல் இறக்கினீர்கள் என்றால் டயர் வெட்டிக்கொள்ளும். ரேஞ்சும், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும். ஏசியைக் கூட்டிக் குறைக்கவே ஸ்கிரீனைத் தடவ வேண்டும் என்கிற டிசைனும் எனக்குப் பிடிக்காது. விஜயநகர் சந்திப்பில் மூன்று பக்கமும் ஸ்கூட்டர் உரசும்போது யார் ஸ்கிரீனைப் பார்ப்பது?

பேட்டரி விஷயத்தில் பலரும் தேவைக்கு மேல் வாங்கிவிடுகிறார்கள். என்னுடையது 35 கிலோவாட் அவர், அதாவது நிரம்பினால் 35 யூனிட் கரண்ட். கம்பெனி சொன்ன ரேஞ்ச் 421 கிலோமீட்டர், அது சோதனைச்சாலைக் கணக்கு. ஏசி போட்டு ஊருக்குள் எனக்கு 270, 280 வருகிறது. உங்கள் 30 கிலோமீட்டருக்கு வாரம் ஒருமுறை சார்ஜ் போட்டாலே போதும். மாதாமாதம் மதுரை, கோவை போகிறவருக்குத்தான் பெரிய பேட்டரி. மற்றவர்கள் அந்த எடையை வீணாகச் சுமந்துகொண்டு திரிய வேண்டியதுதான்.

ஈபி பில்லை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள், இதை ஷோரூமில் சொல்ல மாட்டார்கள். மாதம் 26 நாள் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 1560 கிலோமீட்டர். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால் சுமார் 220 யூனிட். வீட்டில் ஏற்கெனவே 300 ஓடுகிறது என்றால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ் ஸ்லாபில், அதாவது குறைந்த கட்டண அடுக்கில் கிடைத்த சலுகையும் கொஞ்சம் போகும். முதல் பில் வந்ததும் என் மனைவி, "பெட்ரோல் பங்கை வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா?" என்றாள். இருந்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயைத் தாண்டவில்லை. பழைய பெட்ரோல் காரில் ஏழு ரூபாய் ஆனது.

வண்டி புக் பண்ணுவதற்கு முன்னால் அசோசியேஷனிடம் பேசிவிடுங்கள். நான் பேசவில்லை. வண்டி வந்து நிற்கிறது, பிளக் பாயின்ட் போட அனுமதி இல்லை. "தீப்பிடிச்சா யார் பொறுப்பு?" என்று ஆரம்பித்து ஐந்து வாரம் இழுத்தார்கள். அதுவரை ஒரு மாலின் பார்க்கிங்கில் காசு கொடுத்து சார்ஜ் போட்டேன். கடைசியில் என் மீட்டரிலிருந்தே பைப்புக்குள் ஒயர் இழுத்து, லோடு கூடினாலோ கரண்ட் கசிந்தாலோ தானே அணைக்கும் எம்சிபி, ஆர்சிசிபி சுவிட்சுகளைத் தனியாக வைத்து, 15 ஆம்பியர் பாயின்ட் போட்டதும் அமைதியானார்கள். அதற்கு 11,000 ரூபாய் ஆனது. எர்த் ஒழுங்காக இல்லாவிட்டால் வண்டியோடு வரும் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி அப்படியே நின்றுவிடும். எலக்ட்ரீஷியன் இரண்டாவது தடவை வந்து எர்த் குழி தோண்டிய பிறகுதான் எனக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

மழையைப் பற்றி நம் பக்கத்து ஆளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிறுத்தினோமே, அதில் என் பழைய காரும் ஒன்று. எலக்ட்ரிக் வண்டிகளின் பேட்டரிக்கு பெரும்பாலும் ஐபி67 என்கிற தண்ணீர், தூசித் தடுப்புத் தரம் இருக்கும், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். அதற்காகத் தெரிந்தே தண்ணீரில் இறக்காதீர்கள், சீட்டும் கார்ப்பெட்டும் ஐபி67 இல்லை. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி, என் வண்டியில் 190 மில்லிமீட்டர், பிஇ 6-ல் 207.

உங்கள் தேவைக்கு என் தேர்வு: பார்க்கிங் குறுகல் என்றால் பஞ்ச் இவி, நாலு மீட்டருக்குள் அடங்கும். அம்மா அப்பாவின் வசதிதான் முதலில் என்றால் எம்ஜி வின்ட்சர். பின்சீட்டைச் சாய்த்துக்கொண்டு படுக்கவே செய்யலாம், ஆனால் நான் சொன்ன ஸ்கிரீன் தடவல் அதில் அதிகம். இரண்டுக்கும் நடுவில், நல்ல உயரத்தில் உட்கார்ந்து நிதானமாக ஓட்ட ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக், 42 கிலோவாட் அவரே போதும். நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகிற வண்டி. தூத்துக்குடி ஆலையிலிருந்து வரும் வின்ஃபாஸ்ட் விஎஃப் 6 பார்க்க அம்சமாக இருக்கிறது. ஓட்டியதில்லை, அதனால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டெஸ்ட் டிரைவில் ரீஜெனை (வேகம் குறையும்போது பேட்டரிக்குக் கரண்ட் திருப்பி அனுப்பும் பிரேக்கிங்) கூட்டி வைத்து ஒரு சுற்று, குறைத்து வைத்து ஒரு சுற்று, அம்மாவைப் பின்னால் உட்கார வைத்தே ஓட்டுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி இழுத்துப் பிடிப்பது ஓட்டுகிறவருக்குச் சுகம், பின்னால் இருப்பவருக்குக் குமட்டும். எங்கள் வீட்டில் அம்மா ஏறினால் ஒரு லெவல் குறைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

இன்றைக்கு ராத்திரி ஒரு டேப்போடு கீழே இறங்கி, தூணுக்குத் தூண் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். கிரெட்டாவின் அகலம் 1790 மில்லிமீட்டர். நுழையுமா, நுழைந்தபின் நீங்கள் இறங்க முடியுமா என்று சொல்கிறேன்.