பலகைப் பக்கம் திரும்பினால் பதிவில் குரல் தேய்கிறதா?

மாணவர்கள் பிறகு கேட்பதற்காக வகுப்பைப் போனில் பதிவுசெய்கிற ஆசிரியரா நீங்கள்? போனை மேசையில் வைப்பதை விட்டுவிட்டு, சட்டையில் குத்துகிற சின்ன காலர் மைக் ஒன்று வாங்கி தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் குத்திக்கொள்ளுங்கள். பலகையில் எழுதத் திரும்பும்போது குரல் தேய்ந்துபோவது பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

காரணம் தூரம்தான். மைக் இருமடங்கு தள்ளிப் போனால் நேரடிக் குரல் சுமார் 6 டெசிபல் குறையும், மின்விசிறி இரைச்சல் மட்டும் அப்படியே நிற்கும், அப்புறம் ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும்.

மைக்கைவிட முக்கியமானது, எழுதுவதை வாய்விட்டுச் சொல்வது. "இதை அந்தப் பக்கம் கொண்டுபோனா இது வரும்" என்றால் பேருந்தில் கேட்டுக்கொண்டு போகிற மாணவருக்கு என்ன புரியும்? "வலப்பக்கத்து மூன்று எக்ஸை இடப்பக்கம் கொண்டுபோனால் மைனஸ் மூன்று எக்ஸ்" என்று முழுசாகச் சொல்லுங்கள். கடைசி பெஞ்சிலிருந்து வரும் கேள்வியையும் நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போங்கள்.

வகுப்புக்கு முன் 2 நிமிடம் எழுதிக்கொண்டே பேசிப் பதிவுசெய்து, பலகையைப் பார்க்காமல் இயர்போனில் கேளுங்கள். கேட்டதை வைத்தே தாளில் எழுத முடிந்தால் சரி.

ஒன்று மட்டும் கவனம்: அடையாள அட்டைக் கயிறோ துப்பட்டாவோ மைக்கில் உரசினால் வரும் கரகரப்பைப் பிறகு சுத்தமாக எடுப்பது ரொம்பக் கஷ்டம்.