மத்திய ஆசியாவின் கசாக் மக்கள் 13, 25, 37 வயதுகளைக் கண்டம் என்று ஏன் நினைக்கிறார்கள்?

அவர்களுடைய ஆண்டுக்கணக்குதான் காரணம். எலி, பசு, சிறுத்தை, முயல் என்று தொடங்கிப் பன்றியில் முடியும் 12 ஆண்டுச் சுற்றுக்கு ‘முஷெல்’ என்று பெயர். கருவில் இருந்த காலத்தையும் ஓர் ஆண்டாகச் சேர்ப்பதால் முதல் முஷெல் 13இல் வருகிறது. அப்புறம் 12 ஆண்டுக்கு ஒரு முறை. பிறந்த ஆண்டின் விலங்கு திரும்பி வரும் அந்த ஆண்டில் உடலும் உயிரும் பலவீனப்படும் என்பது நம்பிக்கை. அதனால் தானம் செய்வார்கள், உடுத்திய துணியைப் பிறருக்குக் கொடுப்பார்கள்.

இதை வெறும் ஜோசியம் என்று ஒதுக்கக் கூடாது. மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில், கசாக்குகளும் சேர்ந்த துருக்கிய இனத்தாரின் பழைய கல்வெட்டு ஒன்று, இளவரசர் குல் தெகின் ஆட்டு ஆண்டில் இறந்தார் என்கிறது. அது கி.பி. 731. அரச மரணத்தையே இந்தக் கணக்கில்தான் கல்லில் பொறித்தார்கள்.

மேய்ச்சல் வாழ்வின் உயிர்நாடியான ஒட்டகத்துக்கு மட்டும் ஆண்டு இல்லை. முதலில் சூரியனைப் பார்ப்பவருக்கே முதல் ஆண்டு என்ற போட்டியில், எலி அதன் திமில்மேல் ஏறி முந்திக்கொண்டதாம். எனக்கு மிகவும் பிடித்த கசாக் கதை இது.