பிரசவத்துக்குப் பின் முதுகுவலி: அக்குபஞ்சருக்கு மொத்தமாகப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு சிசேரியன் ஆகி 50 நாள் ஆகிறது. உட்கார்ந்து பால் கொடுத்தால் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலி என்கிறாள். பக்கத்துத் தெரு அக்குபஞ்சர் நிலையத்தில் 12 சிட்டிங் வேண்டுமாம். இன்றே கட்டினால் 9,000 ரூபாய் இல்லை, 6,000 போதுமாம். ஊசி ஆரம்பித்ததும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். கட்டலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கட்டாதீர்கள் அம்மா. 12 தடவை வேண்டும் என்று முதல் நாளே யாருக்கும் தெரியாது. மூன்றாவது தடவையே வலி குறையலாம், குறையாமலும் போகலாம். குழந்தைக்குச் சளி பிடித்தால் உங்கள் மகளால் போகவே முடியாது. அப்புறம் மீதிப் பணத்துக்கு அலைவது நீங்கள்தான். போகிற அன்றைக்கு மட்டும் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். நான்கு தடவையில் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். மொத்தமாகத்தான் வாங்குவோம் என்றால், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று எழுதிக் கேளுங்கள்.

எனக்குப் பெரிய கவலை, மாத்திரையை நிறுத்தச் சொன்னதுதான். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் இரண்டும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு டாக்டர்கள் வழக்கமாகத் தருபவை. அதோடு பிபி மாத்திரையும் இருந்து, அதையும் நிறுத்திவிட்டால் ஆபத்து. ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

ஊசியால் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் சிசேரியன் ஆன 180 பெண்களிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. அக்குபஞ்சர் பெற்றவர்களுக்கு மறுநாள் அசையும்போது வலி குறைவாக இருந்தது. ஆனால் அவர்களுக்கு வழக்கமான வலி மருந்தும் கொடுத்தார்கள். 50 நாள் கழித்து வரும் முதுகுவலிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மத்திய அரசு 2019-ல் அக்குபஞ்சரைத் தனி சிகிச்சை முறையாக அங்கீகரித்தது உண்மை. ஆனாலும் ஊசி போடுபவர் எங்கே, எத்தனை வருடம் படித்தார் என்று கேளுங்கள். ஊசி ஒரு தடவைக்கானதாக, உங்கள் கண் முன்னே உறை பிரித்ததாக இருக்க வேண்டும்.

காய்ச்சல், தையலில் சீழ், ஒரு கால் மட்டும் வீக்கம், கடும் தலைவலி, இதில் எது இருந்தாலும் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்து, திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

பால் கொடுக்கும்போது முதுகுக்கு ஒரு தலையணை, மடியில் ஒன்று வையுங்கள். குழந்தை மார்பு உயரத்துக்கு வரட்டும், அவள் குனிய வேண்டாம்.