கத்தி பட்டால் பரவும் என்கிறார் அக்கா

கேள்வி: நாங்கள் வன்னியில், புதுக்குடியிருப்பில் வசிக்கிறோம். ஆசிரியையான என் அக்காவுக்கு (வயது 46) மார்புப் புற்றுநோய் என்று பயொப்சியில் (கட்டியில் சிறு துண்டெடுத்துச் செய்யும் பரிசோதனையில்) உறுதியாகி இரண்டு மாதங்களாகின்றன. இன்னும் பரவவில்லை என்கிறார்கள். ஆனால் அக்கா, கத்தி பட்டால் பரவிவிடும், பரியாரியாரின் (நாட்டு வைத்தியரின்) கசாயமே போதும் என்று மறுக்கிறார். படித்த ஒருவர் ஏன் இப்படி முடிவெடுக்கிறார்?

பதில்: படித்திருப்பதே சில வேளைகளில் இதற்குக் காரணமாகிறது, தானே தேடி வாசித்துத் தானே தீர்மானிக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், பரவாத புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய 281 பேரை ஆராய்ந்தபோது, வசதியும் கல்வியும் கூடியவர்களே அந்த வழியை அதிகம் நாடியது தெரிந்தது. வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்களுக்கு மரண அபாயம் இரண்டரை மடங்காகவும், மார்புப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கு மேலாகவும் இருந்தது.

ஆனால் இந்தக் கணக்கை அக்காவிடம் சொல்லிப் பயனில்லை. வன்னியில் நான் கண்டவரையில், கசாயத்தின் மீதுள்ள நம்பிக்கையைவிட வைத்தியசாலையின் மீதுள்ள அச்சமே பெரிது. 2009 இல், இறுதிப் போரின்போது, போதிய மயக்க மருந்தில்லாமல் கை கால் அகற்றப்பட்டவர்களைக் கண்ணால் கண்ட சனத்திடம், சத்திரசிகிச்சை என்ற சொல்லை மற்ற இடங்களில் சொல்வதுபோல இலேசாகச் சொல்லிவிட முடியாது. செல் (எறிகணை) துண்டை உடம்பில் வைத்துக்கொண்டே இத்தனை வருடம் வாழ்ந்துவிட்டேன், இந்தக் கட்டியோடு வாழ முடியாதா என்று என்னிடம் கேட்டவர் உண்டு. செல் துண்டு வளராது, கட்டி வளரும் என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனாலும் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு வாரக்கணக்கில் போய் 'கரண்ட்' (கதிர்ச் சிகிச்சை) பிடிக்க, கூட வருகிறவரின் நாட்கூலியும் போகிறது. பரியாரியாரோ பக்கத்தில் இருக்கிறார். அவசரப்படாமல் கதை கேட்கிறார். எங்கள் கிளினிக்கில் அந்த நேரம் கிடைப்பதில்லை என்பது எங்கள் குறைதான்.

கத்தி பட்டதால் புற்றுநோய் பரவுவதில்லை. பரவிய பின்னர் காலம் தாழ்த்தி வந்தவர்கள் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இறப்பதைக் கண்டே அந்தப் பேச்சு எழுந்திருக்க வேண்டும். கசாயத்தில் சுகமானவர் என்று யாரையேனும் காட்டினால், அதற்கு முன் கட்டி அகற்றப்பட்டதா என்று விசாரியுங்கள். நான் விசாரித்த சிலருக்கு அகற்றப்பட்டிருந்தது.

மூலிகைக்கு நாங்கள் எதிரிகளல்லர். சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின், உங்கள் முற்றத்துப் பட்டிப்பூச் (நித்தியகல்யாணி) செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதுதான். ஆனால் அது துளியளவில் அளந்து ஏற்றப்படும் நஞ்சு. அவித்துக் குடித்தால் ஆபத்து.

அக்காவோடு வாதாடாமல், எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். முடி கொட்டுவது என்றால் அது மீண்டும் வளரும். வாந்தி என்றால் அதைக் கட்டுப்படுத்தக் கீமோவுக்கு முன்னரே மருந்து கொடுக்கப்படும். மார்பை இழப்பது என்றால், கட்டி சிறிதாக இருக்கும்போது அதை மட்டும் அகற்றும் வழி பலருக்கு உண்டு. ஆனால் அது நாள் போகப் போகக் கைநழுவும் வாய்ப்பு. இந்தக் கிழமையே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கசாயப் போத்தலையும் பையில் கொண்டு போங்கள். சில மூலிகைகளும் பற்பங்களும் (உலோகம் முதலியவற்றைப் புடமிட்ட மருந்துப் பொடிகளும்) ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் என்பதால், அவர் குடிப்பது என்னவென்று வைத்தியருக்குத் தெரிய வேண்டும்.