கலிபோர்னியா கவர்னர் வேட்பாளரை எடைபோடுவது எப்படி?

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்றபின், 2026 நவம்பரில் முதல்முறையாகக் கலிபோர்னியா கவர்னர் தேர்தலில் வாக்களிக்கப் போகிறேன். பொருளாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் என்று வந்தால் வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். ஒருவருடைய உண்மையான நிலைப்பாட்டை எங்கே பார்ப்பது?

பதில்: முதலில் நம் ஊர் ஆளுநரை மறந்துவிடுங்கள். அமெரிக்க மாநில கவர்னர் நேரடியாக மக்கள் ஓட்டில் வருபவர்; அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்குத்தான் நெருக்கமானவர். அவருடைய நிலைப்பாடு பட்ஜெட்டிலும், மசோதாக்களில் போடும் கையெழுத்திலும், வீட்டோவிலும் (மசோதாவை நிராகரிப்பது) பதிவாகிறது. இவற்றைப் படித்துப் பழக, மீண்டும் போட்டியிட முடியாத இன்றைய கவர்னர் கேவின் நியூசம் நல்ல உதாரணம்.

பட்ஜெட் முன்மொழிவு ஜனவரி 10க்குள் வரும். மே மாதத்தில் திருத்தம், ஜூன் 15க்குள் சட்டமன்ற ஒப்புதல். ஜனவரியையும் மேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணம் குறையும்போது எதை முதலில் வெட்டுகிறார் என்பதுதான் அவருடைய முன்னுரிமை. சட்டமன்றம் ஒதுக்கிய தொகையைக் கவர்னர் குறைக்கலாம், நீக்கலாம், கூட்ட முடியாது.

கல்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1988இல் வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய 98ஆவது முன்மொழிவின்படி, மாநிலப் பொதுநிதியில் ஏறத்தாழ 40 சதவீதம் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் போயாக வேண்டும். வரி வசூல் கூடினால் இதுவும் தானாகக் கூடும். ஆகவே “கல்வி நிதியை உயர்த்தினேன்” என்பதில் அவருடைய பங்கு சிறிதாக இருக்கலாம். அந்தப் பணத்தை எதற்கு ஒதுக்கினார் என்று கேளுங்கள். நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் பள்ளியில் இடம், எல்லா மாணவருக்கும் இலவச உணவு ஆகியவை நியூசம் தேர்ந்தெடுத்துச் செய்தவை. மசோதாவில் கையெழுத்திட்டாரா என்று மட்டும் பார்ப்பதும் போதாது. இனவியல் பாடத்தை (சிறுபான்மை இனத்தவரின் வரலாறும் பண்பாடும்) உயர்நிலைப் பள்ளியில் கட்டாயமாக்கும் மசோதாவை 2020இல் வீட்டோ செய்தவர், 2021இல் வேறொன்றில் கையெழுத்திட்டார். ஆனால் நிதி ஒதுக்கினால் மட்டுமே கட்டாயம் என்று அந்தச் சட்டத்திலேயே நிபந்தனை இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் அந்த நிதி வரவில்லை.

சுற்றுச்சூழலையும் வரியையும் தனித்தனியே பார்த்தால் குழப்பம்தான். 2035 முதல் புகையில்லாத புதிய கார்கள் மட்டுமே விற்க வேண்டும் என்று 2020இல் நிர்வாக ஆணை போட்டவர் நியூசம். 2022இல், 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தில் 1.75 சதவீதம் கூடுதல் வரி வசூலித்து, பெரும்பகுதியை மின்வாகனங்களுக்குச் செலவிடும் 30ஆவது முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. அதை அவரே எதிர்த்துப் பிரசாரம் செய்தார், அது தோற்றது. டையாப்ளோ கேன்யன் அணுமின் நிலையத்தை 2025இல் மூடும் ஏற்பாட்டை முன்பு ஆதரித்தவர், மின்பற்றாக்குறை அச்சத்தில் 2022இல் ஐந்தாண்டு நீட்டிப்புக்கு வழிசெய்தார். இலக்கை அறிவிப்பது எளிது. யாரிடமிருந்து பணம் எடுப்பது, மின்சாரம் குறைந்தால் என்ன செய்வது என்ற இடங்களில்தான் ஒருவரின் எல்லை தெரியும். கார் விதியை 2025இல் அமெரிக்க நாடாளுமன்றம் முடக்கியதையும் நினைவில் வையுங்கள். மாநிலத்தின் கையில் மட்டும் இல்லாததை வாக்குறுதியாகத் தருபவரிடம், வாஷிங்டன் தடுத்தால் மாற்று வழி என்ன என்று கேளுங்கள்.

வீட்டோவுடன் கவர்னர் எழுதும் கடிதம் பெரும்பாலும் ஒரு பக்கம்தான், தவறாமல் படியுங்கள். “செலவு அதிகம்” என்பது ஒரு காரணம், “கொள்கையே தவறு” என்பது வேறு. வீட்டோவை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படி நடந்ததே இல்லை.

உங்கள் வேட்பாளர் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவரா? சட்டமன்ற இணையதளத்தில் மசோதா எண்ணைக் கொடுத்தால் யார் எப்படி வாக்களித்தார் என்று வரும். வாக்குப் பதியாதவர் பட்டியலையும் பாருங்கள். சாதாரண மசோதா நிறைவேற 80 பேர் அவையில் 41, 40 பேர் அவையில் 21 ஆதரவு வாக்குகள் கட்டாயம் என்பதால், வாக்களிக்காமல் இருப்பதும் எதிர்ப்புக்குச் சமம். மேயராக இருந்தவர் என்றால் அவருடைய நகர பட்ஜெட்டைத் தேடுங்கள். எந்தப் பதவியும் வகிக்காதவரிடம் ஒரே கேள்வி: வருவாய் குறைந்த ஆண்டில் எதை முதலில் வெட்டுவீர்கள்?