ஹாமில்டனா, பட்டனா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் மெக்லாரன் அணியில் லூயிஸ் ஹாமில்டனும் ஜென்சன் பட்டனும் சேர்ந்து ஓட்டிய மூன்று ஆண்டுகளில் (2010–2012) பட்டனே அதிகப் புள்ளிகள் எடுத்தார். அப்படியானால் அவர்தான் சிறந்த ஓட்டுநர் என்று ஏற்கலாமா?

பதில்: கணக்கு தாங்கள் சொல்வதுதான்: பட்டன் 672, ஹாமில்டன் 657. ஃபார்முலா 1 பந்தயத்தில் ஒவ்வோர் அணியும் தனக்கான காரைத் தானே வடிவமைப்பதால், வேறு வேறு அணிகளைச் சேர்ந்தவர்களை ஒப்பிடும்போது எவ்வளவு காரின் திறன், எவ்வளவு ஓட்டுபவரின் திறன் என்று பிரித்தறிவது கடினம். ஒரே காரை ஓட்டும் இருவரை ஒப்பிடும்போதுதான் ஓரளவு நியாயமான அளவுகோல் கிடைக்கிறது. ஆனால் அந்த அளவுகோலையும் ஆண்டுவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2010இல் ஹாமில்டன் 26 புள்ளிகளும், 2012இல் 2 புள்ளிகளும் முன்னே இருந்தார். 2011இல் மட்டும் பட்டன் 43 புள்ளிகள் முந்தினார். மூன்றாண்டு முடிவையே மாற்றியது அந்த ஒரே பருவம்.

அது தற்செயலாக நேர்ந்ததன்று. அந்த ஆண்டு ஹாமில்டன் ஃபெராரி அணியின் பெலிப்பே மாஸாவுடன் திரும்பத் திரும்ப மோதித் தன் பந்தயங்களைத் தானே கெடுத்துக்கொண்டார்; பட்டனோ கனடாவில் ஹாமில்டனுடன் உரசிய பிறகு கடைசி இடம் வரை பின்தங்கி, மழையால் நான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்ட அந்தப் பந்தயத்தின் இறுதிச் சுற்றில் செபாஸ்டியன் வெட்டலை முந்தி வென்றார். மறுபக்கம், 2012இல் சிங்கப்பூரிலும் அபுதாபியிலும் முதலிடத்தில் சென்றுகொண்டிருந்த ஹாமில்டனின் கார் பழுதாகி நின்றது. பார்சிலோனாவில், பந்தயம் தொடங்கும் வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தும், அணி போதிய எரிபொருள் நிரப்பாததால் வரிசையின் கடைசிக்கு அனுப்பப்பட்டார். புள்ளிப் பட்டியலில் இந்த இழப்புகளுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. 58 பந்தயங்களின் தகுதிச் சுற்றுகளில் 44இல் ஹாமில்டனே முன்னே நின்றார். வெற்றிகளும் அவருக்கு 10, பட்டனுக்கு 8. வேகத்தில் ஹாமில்டனே மேலானவர் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் 2011ஆம் ஆண்டின் பட்டனை அதிர்ஷ்டசாலி என்று ஒதுக்குவதை ஏற்க மாட்டேன்.

கேள்வி: இந்த ஒப்பீடுகளை ஊடகங்கள் எந்த அளவுக்குத் திரித்தன?

பதில்: பொய்த் தகவல்களைவிட அடைமொழிகளே அதிகம் திரித்தன. 2010இல் மெல்பர்னில் மற்றவர்களுக்கு முன்பாக உலர்தளத்துக்கான டயருக்கு மாறி பட்டன் வென்றதும், அவர் சிந்தித்து ஓட்டுபவர், டயரைப் பேணுபவர் என்றும், ஹாமில்டன் உள்ளுணர்வால் மட்டும் பாய்பவர் என்றும் இரண்டு சித்திரங்கள் நிலைத்துவிட்டன. பிறகு நடந்தவை எல்லாம் அந்தச் சட்டகத்துக்குள் அடைக்கப்பட்டன. 2012 கனடா பந்தயத்தில் ஒரே முறை டயர் மாற்றிச் சமாளிக்கப் பார்த்த ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ அலோன்சோவையும் வெட்டலையும், இரண்டு முறை மாற்றும் திட்டத்தோடு வந்த ஹாமில்டன் முந்தி வென்றார். அதே நாளில் டயர் பிடிமானம் இல்லாமல் திணறிய பட்டன் 16ஆவது இடத்தில் முடித்தார். அதன் பிறகும் அந்தச் சித்திரங்கள் பெரிதாக மாறவில்லை. இருவருக்குமே இது அநீதி: ஒருவருடைய உழைப்பும் திட்டமிடலும் மறைக்கப்பட்டன, மற்றவருடைய துணிச்சல் மறக்கப்பட்டது.

இதைவிடக் கவலைக்குரியது 2007. அலோன்சோவும் முதலாண்டு ஓட்டுநரான பிரிட்டனின் ஹாமில்டனும் மெக்லாரனில் தலா 109 புள்ளிகளும் தலா 4 வெற்றிகளும் பெற்று முடித்தார்கள்; 110 புள்ளிகளோடு பட்டத்தை எடுத்துச் சென்றவர் ஃபெராரியின் கிமி ராய்க்கோனன். இருவருக்கும் இடையே வேறுபாடே இல்லாத அந்த ஆண்டில், பிரிட்டிஷ், ஸ்பானிய ஊடகங்களில் பெரும்பகுதி அணிக்குள் நடந்த பூசலை நாட்டுக்கு நாடு நடக்கும் மோதலைப் போல எழுதின. ஹங்கேரித் தகுதிச் சுற்றில் டயர் மாற்றுமிடத்தில் நின்று ஹாமில்டனைத் தாமதப்படுத்தியதற்காக அலோன்சோ ஐந்து இடங்கள் பின்தள்ளப்பட்டது தண்டனைக்குரிய செயலுக்கான தண்டனை. அது ஒரு தேசத்துக்கு இழைக்கப்பட்ட அவமானம் அன்று. 2008 பிப்ரவரியில் பார்சிலோனா சோதனை ஓட்டத்தின்போது பார்வையாளர் சிலர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிவந்து ஹாமில்டனை இனரீதியாக இழிவுபடுத்தினார்கள். அந்தக் குற்றம் அதைச் செய்தவர்களுடையதே. ஆனாலும், மாதக்கணக்கில் ஒரு விளையாட்டு வீரனை எதிரியாகவே எழுதிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் கைகள் சுத்தமானவை என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

கேள்வி: நம் கோவை நாராயண் கார்த்திகேயனையும் இப்படி ஒப்பிடலாமா? 2005 இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்தாரே!

பதில்: ஒப்பிட வேண்டும். டயர்ப் பாதுகாப்புப் பிரச்சினையால் மிஷலின் டயர் பூட்டிய 14 கார்கள் விலகிக்கொள்ள, அன்று ஆறே கார்கள்தான் ஓடின. அவற்றில் மூன்றாவதாக வந்தவர், நாராயண் ஓட்டிய அதே ஜோர்டன் அணியின் தியாகோ மொன்டெய்ரோ. ஆகவே அந்த நான்காம் இடத்தை வைத்து நாராயணின் திறனை அளப்பது பொருத்தமாகாது. இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 வரை சென்ற முதல் ஓட்டுநர் என்பதே அவருடைய உண்மையான சாதனை. மொன்டெய்ரோ அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் 18ஐ முழுமையாக ஓட்டி முடித்தார். எல்லா அணிகளும் பங்கேற்ற பெல்ஜியம் பந்தயத்தில் எட்டாவதாக வந்து மேலும் ஒரு புள்ளி எடுத்தார். அந்த ஒரு புள்ளியை, இண்டியானாபோலிஸில் இருவரும் பெற்ற புள்ளிகளைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.