அர்வா – ஒரு பெயரும் ஒரு கடிதமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஏழாம் நாளில் ‘அர்வா’ என்று பெயர் சூட்டுவதாக நானும் கணவரும் முன்பே பேசி வைத்திருந்தோம். ஏமன் நாட்டு அரசி ஒருவரைப் பற்றிப் படித்தபோது மனத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது வீட்டில் எதிர்ப்பு. “அது நபிகளாரை எதிர்த்த அபூலஹபின் மனைவி பெயராயிற்றே, குர்ஆன் கண்டித்தவளின் பெயரையா வைப்பது?” என்கிறார் என் மாமியார். கணவரின் அண்ணன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, “ஆடு என்று அர்த்தமாம்” என்று சிரிக்கிறார். வேறு சில தளங்களில் ‘அழகானவள்’, ‘தாகம் தீர்ப்பவள்’ என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? யாரெல்லாம் வைத்திருந்தார்கள்? எங்கள் உறவில் ஒருவருக்கும் இல்லாத பெயர் என்பதால் எனக்கும் சிறு தயக்கம் வந்துவிட்டது. ‘அர்வா ஃபாத்திமா’ என்று சேர்த்து வைத்தால் சரியாகிவிடுமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். குழந்தைக்கும் உங்களுக்கும் என் துஆ.

உங்கள் கணவரின் அண்ணன் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறார், பாதி வழியில் நின்றுவிட்டார். ஆடு என்றதும் தொழுவத்தில் கட்டிய ஆடு அவர் நினைவுக்கு வந்திருக்கும். அரபு அகராதிகள் சொல்வது யாருக்கும் கட்டுப்படாத காட்டு விலங்கை. செங்குத்தான பாறைகளில் வாழும் மலையாட்டின் பெண்ணுக்கு ‘உர்விய்யா’ என்று பெயர். அவை பலவாகக் கூடினால் ‘அர்வா’. தமிழில் வரையாடு என்கிறோமே, அதைப் போன்ற விலங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், இனம் வேறு. ஏமன், ஓமன், சவூதி மலைகளில் இன்றும் இருக்கிறது. ஆணுக்குப் பின்னோக்கி வளைந்த, முடிச்சு முடிச்சான பெரிய கொம்புகள். பெண்ணுக்கு மெல்லிய, சிறிய கொம்புகள். மனிதன் கால் வைக்க அஞ்சும் விளிம்பில் அது குட்டியோடு நின்று மேயும்.

அரபு மண்ணில் இந்த விலங்குக்கு இருந்த மதிப்பு பெரியது. இஸ்லாத்துக்கு முந்தைய ஏமனின் ஆலயச் சுவர்களில் இவற்றை வரிசை வரிசையாகக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். ஏமனின் ஹள்ரமௌத் பகுதியில் வேட்டையாடிய மலையாட்டின் கொம்பை வீட்டின் மூலையில் பதிப்பது வழக்கம். பழைய கவிஞர்களுக்கு அது எட்ட முடியாத உயரத்தின் அடையாளம். காதலியின் பேச்சினிமையைப் புகழ வேண்டுமானால், மலையுச்சியில் இருக்கும் ஆடுகளையே சமவெளிக்கு இறக்கிவிடும் பேச்சு என்பார்கள். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டைப் பற்றிச் சொல்லும்போது, ‘அர்வாவையும் தீக்கோழியையும் எது ஒன்று சேர்க்கும்?’ என்று ஒரு பழமொழி உண்டு. ஒன்று சிகரத்தை விட்டு இறங்காது, மற்றது சமவெளியை விட்டு ஏறாது. திர்மிதி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வரும் ஓர் அறிவிப்பிலும் இந்த விலங்கு இருக்கிறது. பெண் மலையாடு மலையுச்சியில் அரண் தேடுவதைப் போல மார்க்கம், மக்காவும் மதீனாவும் உள்ள ஹிஜாஸில் அரண் தேடும் என்கிறது அது. அந்த அறிவிப்பின் தரம் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த மக்கள் எதை உவமையாக எடுத்தார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

பெண்ணுக்கு விலங்கின் பெயரா என்று கேட்டால், ரீம் என்பதும் மஹா என்பதும் மான் வகைகளின் பெயர்கள்தாம் என்று சொல்லுங்கள். உஸாமா என்றால் சிங்கம். அவற்றைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

‘தாகம் தீர்ப்பவள்’ என்ற பொருள் வெறும் கற்பனை அல்ல. நீர் புகட்டுதல், தாகம் தணித்தல் என்ற பொருளுடைய வேரின் கீழ்தான் பல அகராதிகள் இச்சொல்லையும் வைக்கின்றன. ஹஜ்ஜில் துல்ஹஜ் 8ஆம் நாளை ‘தர்வியா’ நாள் என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். ஹதீஸை எடுத்துச் சொல்பவரை ‘ராவி’ என்பதும் இதிலிருந்து வந்ததே. ஆனாலும் பெண்பெயராக அரபுகள் இதை வைத்தபோது அவர்கள் மனத்தில் இருந்தது மலையாடுதான். ‘அழகானவள்’ என்பதோ எந்தப் பெயருக்கும் பொருள் தெரியாதபோது இணையதளங்கள் ஒட்டிவிடும் வில்லை. ஒரு பெயரின் உண்மையான பொருளை மறைத்துவிட்டு இப்படிப் பூச்சு பூசுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. மலைச்சிகரத்தில் அஞ்சாமல் நிற்கும் உயிரை அழித்துவிட்டு அந்த இடத்தில் ‘அழகு’ என்று எழுதி வைக்கிறார்கள்.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. அவர் சொல்லும் தகவல் சரியானது. உம்மு ஜமீல் என்று அறியப்பட்ட அபூலஹபின் மனைவியின் இயற்பெயர் அர்வா பின்த் ஹர்ப் என்றுதான் வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதை அவரிடம் மறுத்துப் பேசாதீர்கள். ஆனால் குர்ஆன் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. விறகு சுமப்பவள் என்று அவள் செயலைச் சொல்லித்தான் கண்டிக்கிறது. அதே தலைமுறையில் நபிகளாரின் தந்தையுடன் பிறந்த அத்தை ஒருவருக்கும் அர்வா என்றே பெயர். மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களைப் பெற்ற தாயின் பெயரும் அதுதான்: அர்வா பின்த் குறைஸ். பொருள் சரியில்லாத பெயர்களை நபிகளார் மாற்றியிருக்கிறார்கள். ‘ஆஸியா’, அதாவது மாறு செய்பவள் என்ற பொருளில் இருந்த பெயரை ஜமீலா என்று மாற்றினார்கள். பர்ரா என்ற பெயரை ஜுவைரியா என்று மாற்றினார்கள். அர்வா என்ற பெயர் உஸ்மானின் தாயாருக்குக் கடைசிவரை அர்வாவாகவே இருந்தது. இன்னொன்றையும் மாமியாரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். மதீனாவில் நயவஞ்சகர்களின் தலைவனாக இருந்தவன் பெயர் அப்துல்லாஹ் இப்னு உபை. அதற்காக அப்துல்லாஹ் என்று பெயர் வைக்க யாராவது தயங்கியது உண்டா?

அர்வாக்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் கைரவான் நகரத்துப் பெண்மணி. இன்றைய துனீசியாவில் இருக்கும் ஊர் அது. ஏமனின் பழைய ஹிம்யர் அரச வம்சத்தில் வந்த அவரை, பின்னாளில் அப்பாசியக் கலீஃபாவான அல்மன்சூர் மணந்தார். தான் உயிரோடு இருக்கும்வரை வேறு மனைவியோ அடிமைப் பெண்ணோ கூடாது என்று மணவொப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார் அர்வா. பாக்தாதை நிறுவிய அந்தப் பேரரசர் பிற்பாடு இந்த நிபந்தனையிலிருந்து விடுபட நீதிபதிகளிடம் கருத்துக் கேட்டுப் பார்த்தாராம். ஒப்பந்தம் அசையவில்லை. ‘கைரவான் மஹர்’ (மஹர் என்பது மணக்கொடை) என்ற பெயரில் அந்த நிபந்தனை வரலாற்றில் தங்கிவிட்டது. கலீஃபா மஹ்தியின் தாய் இவர்தான். ஹாரூன் அல்ரஷீதுக்குப் பாட்டி.

நீங்கள் படித்த ஏமன் அரசி ஸுலைஹி வம்சத்தவர். ஏடுகள் பெரும்பாலும் அவரை ‘அஸ்ஸைய்யிதா அல்ஹுர்ரா’ என்று பட்டப்பெயரால்தான் குறிக்கின்றன. சிறு வயதில் தந்தையை இழந்து அரண்மனையில் அரசி அஸ்மாவிடம் வளர்ந்து, அவருக்கே மருமகளானவர். கணவர் அல்முகர்ரம் வாதநோயால் முடங்கியதும் ஆட்சிப் பொறுப்பு இவரிடம் வந்தது. தலைநகரை ஸன்ஆவிலிருந்து ஜிப்லாவுக்கு மாற்றியபோது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். முதலில் ஸன்ஆ மக்களைத் திரட்டிக் கணவரைப் பார்க்கச் சொன்னார். கூட்டத்தில் வாள்கள்தாம் மின்னின. பிறகு ஜிப்லாவில் திரட்டச் சொன்னார். ஒருவர் ஆட்டுக்கடாவை இழுத்து வந்தார், இன்னொருவர் நெய்ப் பாத்திரத்தைச் சுமந்து வந்தார். “இவர்களுக்கிடையே வாழ்வதுதான் நல்லது” என்றார் அரசி. வெள்ளிக்கிழமைத் தொழுகையின் குத்பா உரையில் அவர் பெயர் வாசிக்கப்பட்டது. 1138இல், தொண்ணூறை ஒட்டிய வயதில் இறந்தார். ஜிப்லாவில் அவர் எழுப்பிய பள்ளிவாசலிலேயே அடக்கத்தலம் இருக்கிறது. அவர் ஷியா பிரிவின் இஸ்மாயீலி மரபைச் சேர்ந்தவர். இந்தியாவின் தாவூதி போரா சமூகத்தார் அவரைத் தங்கள் முன்னோடிகளில் ஒருவராக மதிக்கிறார்கள்.

அரிய பெயர் என்கிறீர்கள். உங்கள் உறவில் அரிது, அவ்வளவுதான். ஏமனிலும் சவூதியிலும் இது பழகிய பெயர். துருக்கியில் ‘எர்வா’ என்று வைக்கிறார்கள்.

எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். அரபியில் இது அலிஃபில் தொடங்கி, லைலா, ஸல்மா போலப் புள்ளியில்லாத ‘யா’வில் முடியும். ‘ஐன்’ எழுத்தில் தொடங்கினால் ‘உர்வா’ என்ற ஆண்பெயரோடு குழம்பிவிடும். பாஸ்போர்ட்டுக்காக ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ‘எச்’ சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ‘அர்வாஹ்’ என்றால் ஆன்மாக்கள். மலாய் மொழியில் காலமானவரைக் குறிக்கும் சொல்.

ஃபாத்திமாவைச் சேர்ப்பதில் தடை எதுவும் இல்லை. அந்தப் பெயரின் மேல் உள்ள அன்பினால் சேர்த்தால் மகிழ்ச்சி. அர்வாவுக்குக் காப்பாக இருக்கட்டும் என்று நினைத்துச் சேர்ப்பதாக இருந்தால் தேவையில்லை. மாமியாரிடம் முதலில் உஸ்மானின் தாயாரைப் பற்றிச் சொல்லுங்கள். அரசியின் கதையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். குழந்தைக்காக ஆடு அறுத்துக் கொடுக்கும் அகீகா முடிந்ததும் என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.